உள்நாட்டு விவகாரம்: தென்னாப்பிரிக்கக் கோப்புகளும் ஒப்பந்தக் கூலிகளும்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது கவிதையோ கதையோ அல்ல, அரசாங்கக் கடிதங்கள். இலக்கிய மேடையில் அரசாங்கக் கடிதத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் மக்களைப் பற்றி அதிகமாக எழுதியது எந்த இலக்கியமும் அல்ல, அரசுதான். ஊர்க்கணக்கு, காவல்நிலையப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, கப்பல் பட்டியல் என்று நம் முன்னோரின் பெயர் முதலில் மையில் ஏறியது அங்கேதான். அந்த எழுத்தைப் படிக்கக் கற்காமல் நம் வரலாற்றை எழுத முடியாது.

ஒரே ஒரு எடுத்துக்காட்டை மட்டும் பார்ப்போம். 1913-14இல் தென்னாப்பிரிக்க ஒன்றிய அரசுக்கும் லண்டனிலிருந்த பேரரசு அரசுக்கும் இடையே இந்தியத் தொழிலாளர் குறித்து நடந்த கடிதப் போக்குவரத்து அது. அதில் பேசப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழ், தெலுங்கு உழைப்பாளிகள். பேசியவர்களில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

கப்பல் பட்டியலில் இருந்த சாதி

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்பாதை, தேயிலைத் தோட்டம், வெள்ளையர் வீட்டு வேலை என்று ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. வரிசை எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் ஆகியவை அதன் பத்திகள். அந்தச் சாதிப் பத்தியில் பறையர் என்றும் மாலர் என்றும் திரும்பத் திரும்ப வருகிறது. வன்னியர், கவுண்டர், நாயுடு என்று பிறரும் இருக்கிறார்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, விசாகப்பட்டினம் என்று ஜில்லாப் பெயர்கள் வருகின்றன. பஞ்சமும் கடனும் பண்ணையடிமைத்தனமும் ஆட்களை ஊரிலிருந்து தள்ளின. கூலிபிடிக்கும் தரகர்கள் வழியில் நின்று பிடித்துக்கொண்டார்கள். 'சாதிச் சேரியிலிருந்து தப்பிக்கும் வழி' என்று கடலைப் பார்த்துப் போனவர்களும் உண்டு. 'எங்கே போகிறோம்' என்று தெரியாமல் போனவர்களும் உண்டு.

அனுப்பும்போது சாதியை எழுதிய அரசு, பிரச்சினை வந்து கடிதம் எழுதும்போது சாதியைக் கைவிட்டது. லண்டனுக்குப் போன கடிதங்களில் இந்தக் கூலிகள் 'ஆசியர்' ஆனார்கள், 'இந்தியர்' ஆனார்கள். வணிகரும் கூலியும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். யாருக்காக யார் பேசுகிறார் என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே மறைந்துபோனது.

3 பவுன்

ஒப்பந்தம் முடிந்தவர்கள் நேட்டாலிலேயே தங்கி, காய்கறி பயிரிட்டு, சிறுகடை வைத்து வாழத் தொடங்கினார்கள். வெள்ளைக் குடியேறிகளுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்கு உழைப்பு வேண்டும். உழைப்பவர் அக்கம்பக்கத்தில் குடியிருக்கக் கூடாது. இந்த மனநிலை நமக்குப் புதியதல்ல. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டவர்களும் இதையேதான் விரும்பினார்கள்.

1893இல் நேட்டால் தன்னாட்சி பெற்றது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது ஆண்டுக்கு 25 பவுன் வரி போடலாமா என்று அங்கே யோசித்தார்கள். இதற்கு இந்திய அரசின் சம்மதம் தேவை. ஆள் அனுப்புவது அவர்கள்தானே. வைஸ்ராய் எல்ஜின் 25ஐ ஒப்புக்கொள்ளவில்லை, 3ஐ ஒப்புக்கொண்டார். 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம் பிறந்தது. 16 வயதைத் தாண்டிய ஆணும் 13 வயதைத் தாண்டிய பெண்ணும் தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுன் கட்ட வேண்டும். முடியாவிட்டால் மீண்டும் ஒப்பந்தத்தில் சேரலாம் அல்லது கப்பல் ஏறலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலியான 14 ஷில்லிங்கில் பார்த்தாலும் நான்கு மாதக் கூலிக்கு மேல். கணவன், மனைவி, பதினாறு தாண்டிய மகன், பதின்மூன்று தாண்டிய மகள் என்றால் வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன். விடுதலை பெற்ற கூலியை மறுபடி தோட்டத்துக்குள் தள்ளவே இந்த வரி. அதை மூன்று பவுனாகக் குறைத்ததைச் சலுகை என்று கோப்பு கருதியது. பேரம் பேசிய இரு தரப்பிலும் வரி கட்ட வேண்டியவர் இல்லை.

இங்கே இன்னொரு 3 பவுனையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1894இல் தொடங்கப்பட்ட நேட்டால் இந்தியக் காங்கிரசின் சந்தா மாதம் 5 ஷில்லிங். ஆண்டுக்கு 3 பவுன். மாதம் 10 ஷில்லிங் வாங்கும் கூலி அதில் எப்படிச் சேர முடியும்? தன் எசமானால் அடிபட்டு, இரத்தம் வழிய, கையில் தலைப்பாகையை ஏந்திக்கொண்டு பாலசுந்தரம் என்ற தமிழ்க்கூலி காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பிறகே ஒப்பந்தக் கூலிகளுடன் தமக்குத் தொடர்பு ஏற்பட்டது என்று காந்தியே எழுதியிருக்கிறார். இந்தியரின் குரல் என்று லண்டனுக்குப் போன முதற்கட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் வணிகரின் கவலைகளைச் சுமந்தவை. 3 பவுன் வரியை எதிர்த்தும் 1895இல் விண்ணப்பங்கள் போயின என்பது உண்மை. அவை கோப்பில் சேர்ந்தன. வரியும் வசூலானது.

கடிதம் போகும் வழி

1910 மே 31 அன்று கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் நான்கும் இணைந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆனது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துபோல அதுவும் ஒரு டொமினியன். டொமினியன் என்றால் பேரரசுக்குள் இருந்துகொண்டே உள்நாட்டு ஆட்சியைத் தானே நடத்திக்கொள்ளும் நாடு. யாருக்குத் தன்னாட்சி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெள்ளையருக்குத் தன்னாட்சி, மற்றவர்களுக்கு அந்த வெள்ளையரின் ஆட்சி.

டொமினியனுக்கும் லண்டனுக்கும் இடையே கடிதம் எப்படிப் போனது என்பதை மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டோரியாவில் பிரதமர் போத்தாவும் அமைச்சர் ஸ்மட்ஸும் தங்கள் கருத்தை ஒரு குறிப்பாக எழுதி கவர்னர்-ஜெனரலிடம் கொடுப்பார்கள். அன்று அந்தப் பதவியில் இருந்தவர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன். அவருக்கு இரண்டு வேடம். ஒன்றியத்தில் மன்னரின் பிரதிநிதியும் அவரே, லண்டன் அரசின் தபால் வாசலும் அவரே. அவர் அதை இணைப்பாக வைத்து, தன் கருத்தையும் சேர்த்து, லண்டனில் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஹார்கோர்ட்டுக்கு அனுப்புவார். அங்கிருந்து நகல் இந்தியா அலுவலகத்துக்குப் போகும்; அதன் அமைச்சர் கிரூ பிரபு. அவர் வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்குத் தெரிவிப்பார். தேவைப்பட்டால் விஷயம் சென்னை மாகாண அரசுவரை இறங்கும். பதில் அதே படிகளில் ஏறித் திரும்ப வேண்டும்.

நியூகாசில் சுரங்கத்தில் ஒருவர் முதுகில் விழுந்த சவுக்கடி இத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் அது கொஞ்சம் இளைக்கும். முதல் மேசையில் 'புகார்'. இரண்டாவதில் 'கூறப்படும் புகார்'. மூன்றாவதில் 'அமைச்சர்கள் மறுத்துள்ள, கூறப்படும் புகார்'. கடைசியில் அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான மனக்கசப்பு மட்டுமே. இப்போது நம் ஊரில் வன்கொடுமைப் புகார் ஒன்று காவல்நிலையத்திலிருந்து மாவட்ட அலுவலகம்வரை போகும்போது என்ன ஆகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வழி விளங்காமல் போகாது.

சட்டப்படி லண்டனுக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1909ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின்படி ஒன்றிய நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை ஓராண்டுக்குள் மன்னர் ரத்து செய்யலாம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த லண்டன் விரும்பவில்லை. டொமினியனின் உள்நாட்டு விவகாரத்தில் தலையிட முடியாது என்று சொல்வது அதற்கு வசதியாக இருந்தது.

1913: கடிதத்தை முந்திய வேலைநிறுத்தம்

1912இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்று அமைச்சர்களைச் சந்தித்தார். 3 பவுன் வரி நீக்கப்படும் என்று தமக்கு உறுதி தரப்பட்டதாக அவர் சொன்னார். அப்படி உறுதி தரவில்லை என்று அமைச்சர்கள் பின்னர் மறுத்தார்கள். 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, பலதாரமணத்தை அனுமதிக்கும் மதங்களின்படி நடந்த திருமணங்களைச் சட்டப்படி செல்லாதவை ஆக்கியது. பெண்கள் போராட்டத்துக்கு வந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கங்களில் குடியிருப்பு குடியிருப்பாகப் போய்த் தொழிலாளரிடம் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். அக்டோபர் நடுவில் சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள்.

அடுத்து நடந்தது எந்தத் தலைவரும் திட்டமிடாதது. காந்தி கைதான பிறகு, கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் தாமாகவே அரிவாளைக் கீழே வைத்தார்கள். சுரங்கக் குடியிருப்புகளையே சிறையின் கிளைகளாக அரசு அறிவித்தது. சுரங்கத்தின் வெள்ளை ஊழியர்கள் சிறைக்காவலர் ஆனார்கள். வேலைநிறுத்தம் செய்தவருக்குக் கிடைத்த தண்டனை, அதே சுரங்கத்தில் கூலியில்லாத கடுங்காவல் வேலை. மவுண்ட் எட்ஜ்கோம்ப், எஸ்பெரான்சா தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள். சிறையில் நோயுற்று விடுதலையான வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருக்கு வயது 16.

சவுக்கடிச் செய்திகள் தந்தியில் கோகலேவுக்கும் அவர் வழியாக வைஸ்ராய்க்கும் வந்தன. கவர்னர்-ஜெனரல் வழியாக அமைச்சர்கள் அவற்றை மறுத்தார்கள். இந்தக் கட்டத்தில் ஹார்டிஞ்ச் வழக்கத்தை மீறினார். நவம்பர் 24 அன்று சென்னையில், தனக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில், தென்னாப்பிரிக்க இந்தியரின் எதிர்ப்புக்கு வெளிப்படையாக அனுதாபம் தெரிவித்து, பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்றார். மேசைக்கு மேசை போக வேண்டியதை மேடையில் சொன்னதால் பிரிட்டோரியாவில் கொதிப்பு, லண்டனில் எரிச்சல். டிசம்பரில் நீதிபதி சாலமன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இந்தியருக்கு எதிரானவர்கள் என்று பெயரெடுத்த இருவர் அதில் உறுப்பினர். இந்தியர் ஒருவரும் இல்லை. காந்தி அக்குழுவைப் புறக்கணித்தார். ஆனால் 1914 மார்ச்சில் அக்குழுவே வரியை நீக்கப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டின் 22ஆம் எண் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. ஒரு மனைவியை மட்டும் கொண்ட திருமணத்தை ஏற்றது.

1895இலிருந்து 1913வரை பதினெட்டு ஆண்டுகள் விண்ணப்பமும் மறுமொழியும் ஓடின. வேலைநிறுத்தம் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் வரி போனது. நீதி உறைத்து ஹார்டிஞ்ச் பேசினார் என்றே வைத்துக்கொண்டாலும், லண்டன் அசைந்ததற்குக் காரணம் வேறு. கரும்பும் நிலக்கரியும் நின்றன. இந்தியாவில் கிளர்ச்சி பரவும் என்ற அச்சம் இருந்தது. கடிதம் சொல்லாத காரணங்கள் இவை.

அதே ஆண்டு, அதே வாசல்

இந்தக் கதையை இந்தியர் வெற்றி என்று முடித்துவிட்டால் பாதிதான் படித்ததாகும். அதே 1913 ஜூனில் அதே ஒன்றிய நாடாளுமன்றம் பூர்வகுடிகள் நிலச் சட்டத்தை இயற்றியது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ 7 சதவீத நிலம் ஒதுக்கப்பட்டது. அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ தடை. 1914இல் ஜான் டூபே, சோல் பிளாட்ஜே உள்ளிட்ட தூதுக்குழு லண்டன் சென்று ஹார்கோர்ட்டைச் சந்தித்தது. சட்டத்தை ரத்து செய்ய மன்னருக்கு அதிகாரம் இருந்த ஓராண்டு அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. ஹார்கோர்ட் தலையிட மறுத்தார். அது தன்னாட்சி நாட்டின் உள்நாட்டு விவகாரமாம்.

ஒரே அமைச்சர், ஒரே ஆண்டு. இந்தியர் விஷயத்தில் லண்டன் பிரிட்டோரியாவோடு மன்றாடியது. ஆப்பிரிக்கர் விஷயத்தில் கை விரித்தது. இந்தியருக்குப் பின்னால் ஒரு வைஸ்ராயும் ஒரு பெரிய நாட்டின் கிளர்ச்சியும் இருந்தன. ஆப்பிரிக்கருக்குப் பின்னால் கடிதம் எழுத எந்த அரசும் இல்லை. 'உள்நாட்டு விவகாரம்' என்ற சொல்லை நேர்மையான கொள்கையாக நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த ஒப்பீடு ஒன்றே போதும். ஒடுக்கப்பட்டவர் பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் அந்தச் சொல் மூடிய கதவாகிறது.

திரும்பி வந்தவர்கள்

1927இல் இந்திய அரசும் தென்னாப்பிரிக்க அரசும் கேப்டவுன் ஒப்பந்தம் செய்துகொண்டன. உதவித்தொகை கொடுத்து இந்தியரைத் தாயகம் அனுப்பும் திட்டம் அதில் இருந்தது. கோப்பின் மொழியில் அது தாயகம் திரும்புதல். திரும்பியவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். தாயகம் என்பது அவர்கள் பார்த்திராத ஊர். 1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் திரும்பியவர்களின் நிலை குறித்து அறிக்கை வெளியிட்டார்கள். வேலையின்மை, நோய், வறுமை. அதனோடு சாதியும். கடல் கடந்து கலந்து வாழ்ந்தவர்களையும் கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகளையும் ஊர் ஏற்கவில்லை. கடிதங்களில் மறைந்துபோன சாதி, கப்பலிலிருந்து இறங்கியவுடன் துறைமுகத்திலேயே காத்திருந்தது. இரண்டு அரசுகளும் பேசி முடித்த ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்

இந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நம்மவர் ஒருவர் வாழ்ந்தார். 'பறையன்' இதழை 1893இல் தொடங்கி நடத்திய ரெட்டைமலை சீனிவாசன், பின்னர் கடல் கடந்து அங்கே மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியையும் அங்கே அறிந்திருந்தார். தமிழ் பேசும் கூலிக்கும் ஆங்கிலம் பேசும் அதிகாரத்துக்கும் நடுவே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். சொன்னதில் எது ஏட்டில் ஏறுகிறது, எது ஏறவில்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

1930இல் அவர் லண்டனில் வட்டமேசை மாநாட்டில் இருந்தார். அம்பேத்கருடன் சேர்ந்து, தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கான அரசியல் பாதுகாப்புகள் குறித்த கோரிக்கை மனுவைச் சமர்ப்பித்தார். இந்த நகர்வின் பொருளை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1895இலும் 1913இலும் நம் மக்கள் கடிதத்தின் பொருளாக இருந்தார்கள். 1930இல் நம் மக்களே கடிதம் எழுதினார்கள். தனிப் பிரதிநிதித்துவம் என்ற கோரிக்கையை எதிர்த்தவர்கள் அதைப் பிரிவினை என்றார்கள். நம்மைப் பற்றிய பேச்சில் நாம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கை.

மீண்டும் டர்பன்

1946இல் இந்தியா, தென்னாப்பிரிக்க இந்தியர் மீதான பாகுபாட்டை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. அது தன் உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. மனித உரிமைக்கு எல்லை கிடையாது என்பது இந்தியாவின் நிலை. டிசம்பர் 8 அன்று பொதுச்சபை இந்தியாவின் பக்கம் நின்றது. சரியான நிலைதான்.

2001இல் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. இடம், டர்பன், 'ட்ரூரோ' வந்து நின்ற அதே துறைமுக நகரம். சாதியும் இனப்பாகுபாடுபோலவே உலகின் கவனத்துக்குரியது என்று தலித் அமைப்புகள் அங்கே போய் வாதாடின. சாதி இனம் அல்ல, இதை நாங்களே எங்கள் அரசியல் சட்டத்தின் வழியே பார்த்துக்கொள்வோம் என்று இந்திய அரசு எதிர்த்தது. 1913இல் பிரிட்டோரியா சொன்னதும் 1914இல் ஹார்கோர்ட் சொன்னதும் 1946இல் தென்னாப்பிரிக்கா சொன்னதும் இதுவே. வெளியே நின்று தட்டிய கதவை, உள்ளே போனதும் சாத்திக்கொண்டது அரசு.

கோப்பை எப்படிப் படிப்பது

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதங்களில் ஒரு பகுதியை அன்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீலப் புத்தகங்களாக அச்சிட்டது. அவை தேர்ந்தெடுத்து வெளியிடப்பட்டவை. முழுக் கோப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பிரிவிலும், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. மாகாண அரசின் ஏடுகளுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஐந்து கேள்விகளோடு திறக்க வேண்டும். யார் யாருக்கு எழுதுகிறார், யார் வழியாக? இணைப்பில் என்ன இருக்கிறது? பாதிக்கப்பட்டவரின் குரல் எங்காவது இருந்தால், இணைப்புக்கு இணைப்பாகத்தான் இருக்கும். செயலைச் செய்தவர் யார் என்று சொல்லாமல் 'சுடப்பட்டது', 'நேர்ந்தது' என்று முடியும் வாக்கியங்கள் எவை? அச்சில் வந்ததற்கும் கோப்பில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு? கடைசியாக, அந்தத் தேதியில் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது?

இவை பழைய ஏடுகளுக்கு மட்டுமான கேள்விகள் அல்ல. இன்று தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் வாங்கும் பதிலையும், கல்வி உதவித்தொகை ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒன்றிய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று கைகாட்டி எழுதும் கடிதத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். இரண்டு அரசுகள் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவரின் படிப்பு நின்றுபோகிறது.

கப்பல் பட்டியலில் வெறும் எண்ணாகப் போனவர்கள் எழுத்தறியாதவர்கள். கைநாட்டு வைத்து ஏறினார்கள். அவர்களைப் பற்றிய கடிதங்களைப் படிக்கும் எழுத்து இன்று நம் கையில் இருக்கிறது. படிப்போம், அதைவிட முக்கியமாக, இனி நம்மைப் பற்றிய கடிதத்தை நாமே எழுதுவோம்.

ஜெய் பீம்.